அப்பாவின் குடி பேரப்பிள்ளை வரை எப்படிப் போகிறது?

எட்டு வயதிலேயே எனக்கு ஒரு கணக்கு அத்துப்படி. அப்பாவின் டிவிஎஸ் 50 வாசலில் வந்து நிற்கும். ஸ்டாண்டு ஒரே மிதியில் 'டக்' என்று நின்றால் அன்று குடிக்கவில்லை. இரண்டு மிதி என்றால் கொஞ்சம் போட்டிருக்கிறார். மூன்றாவது மிதியும் வழுக்கி வண்டி சுவரில் உரசிச் சாய்ந்தால், அம்மா அடுப்பை அணைப்பாள், அக்கா கண்ணாடி டம்ளர்களை எடுத்து உள்ளே வைப்பாள், நான் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவேன். இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அப்பா இறந்து இருபது வருஷம் ஆகிறது. நான் குடிப்பதில்லை. ஆனாலும் இப்போது குடியிருக்கும் அடுக்குமாடியில் இரவு பத்து மணிக்கு மேல் கீழே யாராவது வண்டிக்கு ஸ்டாண்டு போட்டால் என் தோள்பட்டை தானாக இறுகிக்கொள்கிறது. ஒரு சொட்டு குடிக்காதவனிடம் ஒரு குடிகாரரின் குடி எப்படித் தங்கியது? அதை எனக்குப் புரிந்த அளவில் எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

மனநலத் துறையில் இதைத் தலைமுறை கடந்த பாதிப்பு என்கிறார்கள். ஒரு தலைமுறையில் நடந்த குடி, அடி, புறக்கணிப்பு இவற்றின் விளைவு, அதைக் கண்ணாலேயே பார்க்காத அடுத்த தலைமுறை வரைக்கும் நீள்வது. ஒரு பகுதி மரபணு வழியாக வருகிறது. ஒரு பகுதி சின்ன வயதில் உடம்பு பழகிக்கொண்ட பயத்தின் வழியாக வருகிறது. இன்னொரு பகுதி, வீட்டில் எல்லோரும் பழகிக்கொண்ட நடத்தையின் வழியாக வருகிறது. இந்தக் கடைசி வழியைப் பற்றித்தான் நம் வீடுகளில் யாரும் வாயே திறப்பதில்லை.

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு ஒன்று 2019-இல் வந்தது. நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள், அதில் 5.7 கோடிப் பேருக்குக் குடியால் கேடு வரும் நிலை அல்லது குடிக்கே அடிமையான நிலை என்றது. அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையைப் பார்த்திருக்கிறார். பிள்ளைகள் பக்கம் வந்தால், 2007-இல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டபோது மூன்றில் இரண்டு குழந்தை உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னது. இரண்டும் தனித்தனி அறிக்கைகள். ஆனால் பல வீடுகளில் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழேதான் நடக்கின்றன.

எடைக் குறைப்பு மருத்துவமனையில் தொடங்கிய கதை

1980-களில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல் பருமனுக்குச் சிகிச்சை தந்துகொண்டிருந்தார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். ஏன் என்று ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேட்டபோது, அவர்களில் பலர் சின்ன வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. அவர்களுக்கு அந்த எடை நோயாகத் தெரியவில்லை. தன்னை யாரும் திரும்பிப் பார்க்காமல் இருக்க ஒரு பாதுகாப்பாக இருந்திருக்கிறது.

அதிர்ந்துபோன ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்பவரோடு சேர்ந்து 1995 முதல் 1997 வரை 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் குழந்தைப் பருவம் பற்றிக் கேட்டார். முதல் முடிவுகள் 1998-இல் வெளியாயின. அடி, வசை, பாலியல் கொடுமை, வீட்டில் குடிகாரர் ஒருவர், அடிபடும் அம்மா, மனநோய், சிறைக்குப் போன உறவினர் என்று வகை பிரித்துக் கேட்டார்கள். பிறகு புறக்கணிப்பு, பெற்றோர் பிரிவு ஆகியவையும் சேர்ந்து பத்து வகை ஆயின. பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் காப்பீடு உள்ள, படித்த, நடுத்தரக் குடும்பத்தினர். அவர்களிலேயே மூன்றில் இரண்டு பேருக்கு இவற்றில் ஒன்றாவது நடந்திருந்தது. நான்கும் அதற்கு மேலும் நடந்தவர்கள் பின்னாளில் குடிக்கு அடிமையாகும் வாய்ப்பு, எதுவுமே நடக்காதவர்களைவிட ஏழு மடங்கு.

இதில் கவனிக்க வேண்டியது, இவை பெரும்பாலும் தனித்தனியாக வருவதில்லை. குடி இருக்கும் வீட்டில் வசை இருக்கும், வசை இருக்கும் வீட்டில் அடி இருக்கும். அம்மா அப்பாவைச் சமாளிப்பதிலேயே தீர்ந்துபோவதால் பிள்ளையின் காய்ச்சலைக் கவனிக்க ஆள் இருக்காது. கண்காணிப்பு இல்லாத வீட்டுக்குள் வெளியாள் வருவதும் சுலபம். பாலியல் கொடுமை செய்பவர்கள் தேடுவது இப்படி யாரும் கவனிக்காத பிள்ளையைத்தான்.

அதே சமயம் இந்த எண்களை வைத்துத் தனி ஒருவருக்கு ஜாதகம் கணிக்கக் கூடாது. இந்தப் பத்தில் எனக்கு இத்தனை நடந்தது, அதனால் நான் இப்படித்தான் ஆவேன் என்று சொல்ல இது உதவாது. கூட்டத்தைப் பற்றிய கணக்கு இது. ஆண்டாவே இதைப் பின்னாளில் எச்சரிக்கையாகச் சொன்னார்.

ரத்தத்தில் வருவது

குடிக்கு அடிமையாகும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி மரபணு சம்பந்தப்பட்டது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. டொனால்ட் குட்வின் குழுவினர் டென்மார்க்கில் தத்துப் போன பிள்ளைகளை ஆராய்ந்து 1973-இல் எழுதினார்கள்: குடிநோயாளிகளுக்குப் பிறந்து, வேறு வீட்டில் வளர்ந்த மகன்களுக்கும் குடிநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

என் தம்பி பதினேழு வயதில் குடிக்கத் தொடங்கினான். "எனக்கெல்லாம் ஏறவே ஏறாதுடா, நாலு போட்டாலும் நேராத்தான் நடப்பேன்" என்பான். கூட இருந்தவர்கள் அதை வீரமாகப் பேசினார்கள். மார்க் ஷுக்கிட் என்ற ஆய்வாளர் பல வருஷம் இதையே ஆராய்ந்தவர். குடிநோயாளிகளின் மகன்களில், இளம் வயதில் மது குறைவாக ஏறுகிறவர்களுக்குத்தான் பின்னாளில் குடிநோய் அதிகம் வருகிறது என்று கண்டார். போதும் என்று உடம்பு மணி அடிப்பதில்லை. அதனால் அளவு கூடிக்கொண்டே போகிறது. இதை யாராவது அன்றைக்கு எங்கள் வீட்டில் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உடம்பு மறக்காத பயம்

ஆபத்து என்றால் இதயம் வேகமாகத் துடிப்பது, கை கால் இறுகுவது, ரத்தத்தில் கார்ட்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன் ஏறுவது எல்லாம் இயல்பு. நாய் துரத்தினால் ஓட அது தேவை. ஓடி முடித்ததும் அடங்கிவிடும். ஆனால் அந்த நாய் தினமும் ராத்திரி வீட்டுக்கே வரும் என்றால்? அதுவும் எந்த நாள் கடிக்கும், எந்த நாள் காலை நக்கும் என்று தெரியாவிட்டால்? வளரும் மூளையில் அந்த அபாயச் சங்கு அணையாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். இதை நச்சு அழுத்தம் என்கிறார்கள். வகுப்பில் கவனம் இல்லை என்று அடி வாங்கும் பிள்ளைகளில் சிலர் வேறு ஒன்றை முழுக் கவனத்தோடு கவனித்துக்கொண்டிருப்பவர்கள். மணி நாலாகிறது, அப்பா இந்நேரம் எங்கே இருப்பார்?

கெட்டவராகவே இருந்துவிட்டால்கூடப் பிள்ளைக்கு ஒரு தெளிவு இருக்கும். எங்கள் அப்பா சில இரவுகளில் பரோட்டா பொட்டலத்தோடு வருவார். தூங்கும் எங்களைப் பதினொரு மணிக்கு எழுப்பி, சால்னாவில் தொட்டு அவர் கையாலேயே ஊட்டுவார். நாங்கள் பாதித் தூக்கத்தில் மெல்லுவோம். வாயில் சாராய வாடை, கண்ணில் நீர். "எஞ் சாமிகளா" என்பார். அதே கைதான் முந்தாநாள் பெல்ட்டை எடுத்தது. அன்பும் பயமும் ஒரே கையிலிருந்து வந்த பிள்ளைக்கு, பெரியவனானதும் யாராவது பிரியமாக நடந்துகொண்டால் அடுத்து என்ன வருமோ என்றுதான் தோன்றும்.

வீட்டின் எழுதாத சட்டங்கள்

இப்படிப்பட்ட வீடுகளில் மூன்று சட்டங்கள் உண்டு. பேசாதே, நம்பாதே, எதையும் உணராதே. எங்கள் வீட்டுப் பேச்சில் அவை இப்படி இருந்தன: "வீட்டு விஷயம் வாசப்படி தாண்டக் கூடாது." "அப்பா நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா நம்பிட்டு உக்காந்திருக்காத." "அழாத, அழுதா இன்னும் கோவம் வரும்." இதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: "குடிச்சாத்தான் அப்படி, மத்தபடி தங்கமான மனுஷன்." இந்த ஒரு வாக்கியம் எத்தனை வருஷங்களைத் தின்றிருக்கிறது! அது பொய்யல்ல. அதனால்தான் அதை மறுக்கவும் முடியவில்லை.

குடிநோய்க் குடும்பங்களோடு வேலை செய்யும் ஆலோசகர்கள், பிள்ளைகள் ஆளுக்கொரு வேஷத்தை எடுத்துக்கொள்வதாகச் சொல்வார்கள். பொறுப்பைச் சுமக்கும் பிள்ளை, பழியைச் சுமக்கும் பிள்ளை, இருக்கும் இடமே தெரியாத பிள்ளை, சிரிக்கவைக்கும் பிள்ளை. இதை அளந்து நிறுவிய அறிவியல் வகைப்பாடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கேட்டதும் எங்கள் மூன்று பேரையும் நான் அடையாளம் கண்டுகொண்டேன். அக்கா பத்து வயதிலேயே அம்மாவுக்கு அம்மா. தம்பி எதற்கெடுத்தாலும் மாட்டிக்கொள்கிறவன். நான் சத்தமே இல்லாமல் இருந்து தப்பித்தவன்.

இந்த வேஷம் வீட்டை விட்டு வந்த பிறகும் கழல்வதில்லை. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது "குடிப்பாரா?" என்று கேட்டதற்கு, "இந்தக் காலத்துல யாரு குடிக்கல, ஃபிரண்ட்ஸோட எப்பயாவது" என்று பதில் வந்தது. அதோடு பேச்சை முடித்துவிட்டார்கள். அக்காவும் சரி என்றாள். ஒருவரைச் சமாளிப்பதும் தாங்குவதும்தான் அவள் அறிந்த பாசம். தம்பிக்கோ, "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா திருந்திடுவான்" என்ற வழக்கமான மருந்து. வேறொரு வீட்டுப் பெண்ணையும், இனி பிறக்கப்போகும் பிள்ளைகளையும் சிகிச்சையாகக் கொடுக்கும் மருந்து அது. தலைமுறை தாண்டிப் போவதற்கு இதைவிட நேரான பாதை எனக்குத் தெரியவில்லை. அந்தப் பேச்சை எடுக்கும் பெரியவர்களை நான் கைகூப்பிக் கேட்கிறேன், முதலில் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

என் கதைக்கு வருகிறேன். குடிக்காமல் இருந்துவிட்டால் போதும், நம்மோடு இது முடிந்தது என்று நினைத்திருந்தேன். மூன்று வருஷம் முன்பு ஒரு மாலை, வேலையிலிருந்து வந்து சாவியை மேசையில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். அப்போது ஆறு வயது மகன் என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது: "அம்மா, அப்பா சாவியை டொம்முன்னு போட்டாரு. இன்னைக்கு எதுவும் கேக்காத."

நான் அவனை அடித்ததில்லை. ஆனால் கோபம் வந்தால் இரண்டு நாள் பேசமாட்டேன். சாப்பாட்டில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவேன். வீட்டில் எல்லாம் நான் வைத்த இடத்தில் இருக்க வேண்டும். சின்ன வயதில் எதுவும் என் கையில் இல்லாததற்கு, பெரியவனாகி எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்திருக்கிறேன். எனக்கு ஸ்டாண்டு, அவனுக்குச் சாவி. நடுவில் மது மட்டும்தான் இல்லை. குடிநோய் ஒரு தலைமுறை தாண்டி அடுத்ததைத் தொடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

அறுந்துபோன சங்கிலிகள்

அடி வாங்கி வளர்ந்தவர்கள் எல்லோரும் அடிப்பார்கள் என்பது தவறு. 1987-இல் ஜோன் காஃப்மன், எட்வர்ட் ஸிக்லர் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, சுமார் மூன்றில் ஒரு பங்கினர்தான் தங்கள் பிள்ளைகளைத் துன்புறுத்தும் நிலைக்குப் போகிறார்கள் என்று கணக்கிட்டார்கள். மற்றவர்களைவிட இது அதிகம்தான், ஆனாலும் மூன்றில் இரண்டு பேர் அப்படி ஆகவில்லை. "அப்பன் புத்தி எங்க போகும்" என்று ஒரு பையனைப் பார்த்துச் சொல்லும் முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடி, சண்டை என்று பல சுமைகளோடு வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் அக்கறையும் திறமையும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்கள் வாழ்க்கையில் திரும்பத் திரும்பத் தென்பட்டது, நிலையான அன்பு காட்டிய ஒரு பெரியவராவது இருந்தார் என்பது. பாட்டி, அத்தை, ஆசிரியர், யாராக இருந்தாலும் சரி. அந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் பிள்ளையின் உடம்பில் அடிக்கும் அபாயச் சங்கு கொஞ்சம் அடங்குகிறது. எனக்கு அது எதிர்வீட்டு அத்தை. எதுவும் கேட்கமாட்டார். கதவைத் திறந்து, "வந்து படிங்கடா, இங்க லைட்டு நல்லா எரியுது" என்பார்.

இன்னொரு ஆய்வைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மினசோட்டாவில் பைரன் ஈகலேண்ட் குழுவினர், சின்ன வயதில் கொடுமைப்பட்ட தாய்மார்களை ஆராய்ந்தார்கள். தங்கள் பிள்ளைகளிடம் அதைத் திரும்பச் செய்யாதவர்களுக்குச் சின்ன வயதில் ஆதரவான ஒரு பெரியவரோ, பின்னாளில் மனநல சிகிச்சையோ, அன்பான துணையோ இருந்தது. இன்னொன்றும் இருந்தது. தங்களுக்கு நடந்ததை அவர்களால் முழுசாக, வலியோடு சொல்ல முடிந்தது. திரும்பச் செய்தவர்களோ துண்டு துண்டாக, பூசி மெழுகிச் சொன்னார்கள். எங்கள் வீட்டின் முதல் சட்டம் என்ன என்று மேலே எழுதியிருக்கிறேன்.

வீட்டில் இப்போது நடந்துகொண்டிருந்தால்

தினமும் அதிகம் குடிப்பவரை "இன்னையோட நிறுத்து" என்று வீட்டிலேயே அடைத்துவைக்காதீர்கள். கை நடுக்கம், வலிப்பு, ஆளைத் தெரியாத குழப்பம் எல்லாம் முதல் சில நாளுக்குள் வரலாம், உயிரும் போகலாம். மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் குடியை நிறுத்த வைக்கும் மாத்திரையை (டைசல்ஃபிரம்) கலந்து கொடுப்பது இன்னும் ஆபத்து. அந்த மாத்திரையோடு மது சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழுந்துவிடலாம். விளம்பரத்தில் வரும் பெயர் தெரியாத பொடிகளைத் தொடவே வேண்டாம்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பின் 1980-இல் தொடங்கிய மறுவாழ்வு மையம் இன்று டி.டி.கே. மருத்துவமனை என்று அறியப்படுகிறது. குடிப்பவருக்கு மட்டுமின்றிக் குடும்பத்துக்கும் சிகிச்சை வேண்டும் என்பதை நம் ஊரில் நடைமுறையாக்கிக் காட்டிய இடங்களில் அது முக்கியமானது. குடிப்பவர் வர மறுத்தாலும் குடும்பத்தார் உதவி தேடலாம். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கு என்றே 1951 முதல் அல்-அனான் என்ற தன்னுதவிக் கூட்டமைப்பு இயங்குகிறது. போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு டெலி-மானஸ் 14416. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098, பெண்களுக்கு 181. குழந்தையே 1098-ஐ அழைக்கலாம் என்பதை அதற்குச் சொல்லிக்கொடுங்கள்.

அந்த வீட்டுப் பிள்ளையிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால் பெரிய வார்த்தைகள் தேவையில்லை. அப்பா குடிப்பதற்கு நீ காரணம் இல்லை. உன்னால் அதை நிறுத்தவும் முடியாது. இதை என்னிடம் சொல்லலாம். பல பிள்ளைகள், தான் நன்றாகப் படித்தால் அப்பா குடியை விட்டுவிடுவார் என்று உள்ளுக்குள் ஒரு ஒப்பந்தம் போட்டுவைத்திருக்கும். நானும் போட்டிருந்தேன். பத்தாம் வகுப்பில் 462 வாங்கினேன். அன்றைக்கும் அவர் குடித்துவிட்டுத்தான் வந்தார். சந்தோஷத்தில் குடித்தேன் என்றார்.

சாவிச் சத்தத்துக்குப் பிறகு நான் ஒரு ஆலோசகரிடம் போகத் தொடங்கினேன். எட்டு மாதம் போனேன். இப்போது கோபம் வந்தால், "எனக்குக் கோபம், உன் மேல் இல்லை, பத்து நிமிஷத்தில் வருகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லப் பழகியிருக்கிறேன். பாதி நாள் முடிகிறது.

போன மாதம் மகன் தாத்தாவின் படத்தைப் பார்த்துவிட்டு எப்படி இறந்தார் என்று கேட்டான். எங்கள் சொந்தத்தில் எல்லோரும் சொல்வது மஞ்சள் காமாலை. என் தாத்தாவுக்கும் மஞ்சள் காமாலை என்றுதான் எனக்குச் சொன்னார்கள். நான் அவனிடம், "தாத்தா நிறையக் குடிச்சார், அதனால கல்லீரல் கெட்டுப்போச்சு. அது ஒரு நோய்" என்றேன். "உன்ன அடிப்பாரா?" என்றான். "ஆமா" என்றேன். "அப்ப நீ எங்க ஓடுவ?" கொல்லைப்பக்கம் இருந்த முருங்கை மரத்தையும், எதிர்வீட்டு அத்தையையும், சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியதையும் சொன்னேன். முருங்கை மரத்தில் ஏற முடியுமா என்று கேட்டான். கிளை முறியும், ஏறக் கூடாது என்றேன். சரி என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு கீழே போனான்.